கல்லுத்தின்னியின் கிணறு

பாறையைப் பல்லால் கடித்துப் பார்க்கிற ஆள் என்பதால் அவருக்குக் கல்லுத்தின்னி என்று பெயர் வந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்தில் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. துளையிடும் இயந்திரத்தை ஓட்டுகிற தலைமை ட்ரில்லருக்கு இடி என்று பெயர். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். கல்லுத்தின்னி நிலவியலாளர். ஆழத்திலிருந்து சேற்றுக் குழம்போடு மேலே வரும் கல்துருவலைச் சல்லடையிலிருந்து அள்ளி, கழுவி, ஒரு சிட்டிகையை முன்பற்களுக்கு நடுவில் வைத்து அரைப்பார். நறநறத்தால் வண்டல் கல். வழுவழுவென்று கரைந்தால் களிக்கல். நுண்ணோக்கி பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பல் சொன்ன பிறகுதான் அதன் முறை.

“சார், டிபன் ஆச்சா?” என்று தினமும் காலையில் இடி கத்துவார்.

“ஆச்சு. உங்க சமையல்காரரை விட பூமி நல்லாவே பண்ணுது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.”

இந்தக் கேலியெல்லாம் அவருக்குப் பிடிக்கும். அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: அந்தச் சமவெளிக்கு அடியில் ஒன்றுமில்லை என்று யாராவது சொல்வது. நிறுவனம் அங்கே சில கிணறுகள் தோண்டி, எல்லாம் வறண்டுபோய், அந்த நிலத்தைக் கிட்டத்தட்டக் கைகழுவியிருந்தது. தோண்டியவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் என்பது இவர் கட்சி. அவர்கள் நின்ற இடத்துக்கும் வெகு கீழே ஒரு பழைய கடலின் சேறு இருக்கிறது, செத்த பாசியும் நுண்ணுயிரும் அதில் மண்டிக் கிடந்து, பூமிச் சூட்டில் பக்குவமாக வெந்து எண்ணெயாகியிருக்கிறது என்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். அவர் எழுந்து நின்றாலே அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டிலும் அதே பேச்சுதான். அவர் மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குன்னு ஒரு சக்களத்தி வாய்ச்சிருக்கா பாரு. பக்கத்துத் தெருவில இருந்தாலாவது போய் நாலு கேள்வி கேட்கலாம். இவ நாலு கிலோமீட்டர் கீழ இல்ல இருக்கா.”

அன்று தங்கையும் வீட்டில் இருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

தங்கை என்றால் அவருக்கு மகள் மாதிரி. அப்பா போனபோது அவள் சின்னப் பெண். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்து அழைத்துப்போனது முதல், வேதியியல் படிக்கிறேன் என்று அவள் நின்றபோது வீட்டாரைச் சமாதானப்படுத்தியது வரை எல்லாம் அவர்தான். படித்து முடித்து அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தாள். அவள் வேலை என்ன என்று அண்ணி கேட்டதற்கு, சாப்பாட்டு மேஜையில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள்.

“எண்ணெய்ங்கறது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன உயிருங்க, அண்ணி. உடம்பெல்லாம் உருமாறிப் போச்சு. ஆனா சில மூலக்கூறு மட்டும் எலும்புக்கூடு மாதிரி வடிவம் மாறாம அப்படியே தங்கிடும். அதை மெஷின்ல போட்டுப் பார்த்தா, இது கடல்ல செத்ததா ஏரியில செத்ததா, எந்தக் காலம், எந்தத் தாய்ப்பாறையிலிருந்து வந்துச்சுன்னு சொல்லிடலாம். ரெண்டு எண்ணெய் ஒரே வயித்துப் பிள்ளைங்களா இல்லையான்னுகூடச் சொல்லலாம்.”

“செத்தாலும் விடமாட்டீங்களா? பூர்வீகம் விசாரிக்கிற உத்தியோகம்னு சொல்லு” என்றாள் அண்ணி.

அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அவர் பாஷை பேச ஓர் ஆள் வந்துவிட்ட சந்தோஷம்.

கடைசியில் ஒரு வழியாகக் கிணற்றுக்கு அனுமதி கிடைத்தது. புதிதாக வந்த இயக்குநர், இந்த மனிதர் வாயை மூட இதுதான் வழி என்று கையெழுத்துப் போட்டார் என்றார்கள். இவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தகரக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிணற்றோடு கிடந்தார்.

அந்தப் பழைய கடலை நெருங்கும்போது கிணற்றின் சுவர் சரிய ஆரம்பித்தது. துளையிடும் குழாய் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்படிச் சரியும்போது சேற்றுக் குழம்பில் கறுப்பான தார்த்தூளைக் கலந்து அனுப்புவது வழக்கம். அது விரிசல்களில் அப்பிக்கொண்டு சுவரைத் தாங்கும். இடி மூட்டை மூட்டையாகக் கொட்டினார். குழாய் அசைந்து கொடுத்தது. இரண்டு நாள் கழித்து மேலே வந்த மணற்கல் துருவலை இவர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டார். எண்ணெய் பட்ட கல் அந்த விளக்கில் ஒளிரும். பெட்டிக்குள் ஒளிர்ந்தது. நீலம் கலந்த வெள்ளை, பால் தெளித்த மாதிரி.

தார்த்தூளும் ஒளிரும், ஆனால் அது மங்கிய பழுப்பு. இவர் தூளைத் தனியாக வைத்துப் பார்த்தார். கல்லை வைத்துப் பார்த்தார். மறுபடி தூள், மறுபடி கல். அப்புறம் வெளியே வந்து, “யோவ் இடி! வந்து பாருமய்யா!” என்று கத்தினார். அந்த ஒரு நாள் இடியை விட அவர் சத்தம் பெரிதாக இருந்தது.

ஒரு நீளக் கருவியை இறக்கி அந்தப் பாறையிலிருந்து திரவத்தை உறிஞ்சினார்கள். பெரும்பாலும் சேறு, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். இரண்டு எஃகு பாட்டில்களில் அடைத்து அவரே திருகி மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே இந்த வேலையைச் செய்கிறவள் தங்கைதான். முடிவு வருவதற்குள் தலைமை அலுவலகத்தில் கேக் வெட்டிவிட்டார்கள்.

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

“தார்த்தூள், அண்ணா.”

“என்ன தார்த்தூள்?”

“மெஷின் வரைஞ்ச கோட்டுல வந்த ஒவ்வொரு சிகரமும் அந்த மூட்டைத் தூளோட அப்படியே பொருந்துது. நான் இடிகிட்ட இருந்து தூளும் வரவழைச்சுப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு மேல ஒண்ணு வச்சா வித்தியாசமே இல்ல. நீ சொல்ற கடல் எண்ணெயோட அடையாளம் ஒண்ணுகூட இல்ல.”

“தூள் இருக்கும். நான்தானே கொட்டச் சொன்னேன். ஆனா தூளோட சேர்ந்து வேற ஒண்ணும் இருக்கு. நான் கண்ணால பார்த்தேன், குட்டி. நீலவெள்ளை.”

“கண்ணால பார்த்ததை நான் அறிக்கையில எழுத முடியுமா?”

அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார். “சரி. நீ தூள்னு எழுது. கூடவே ஒரே ஒரு வரி எழுது. தூளோட கலப்பு இருக்கறதால அடியில இயற்கையான எண்ணெய் இருந்தாலும் மறைஞ்சிருக்கலாம், இன்னொரு பாட்டிலை வேற முறையில சோதிக்கணும்னு. அந்த ஒரு வரி போதும். அவங்க கிணத்தை மூடாம வச்சிருப்பாங்க.”

தங்கை தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். ‘உங்க அண்ணன் கிணறு, பார்த்து எழுதுங்க’ன்னார். லேப்ல எல்லாரும் என் முகத்தையே பார்க்கறாங்க. நான் அந்த வரியை எழுதினா அண்ணனுக்காக எழுதினாள்னுதான் சொல்லுவாங்க.”

“வேற ஒருத்தன் கிணறா இருந்தா எழுதியிருப்பியா?”

“இது வேற ஒருத்தர் கிணறு இல்லையே, அண்ணா.”

அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

அறிக்கை அந்த வரி இல்லாமலே போனது. கிணற்றுக்குள் சிமெண்டை இறக்கி மூடி, மேலே ஒரு இரும்புத் தகட்டைப் பற்றவைத்தார்கள். கேக் வெட்டியவர்களுக்குத்தான் ஆத்திரம் அதிகம். கல்லுத்தின்னி என்ற பெயர் போய் தார்மூட்டை என்ற பெயர் வந்தது. முன்னதை முகத்துக்கு நேரே சொன்னார்கள். பின்னதை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வித்தியாசம் அவருக்குத் தெரிந்தது.

குடியிருப்பில் மனைவியையும் விடவில்லை. தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது எதிர்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்: “உங்க வீட்டுக்காரர் எண்ணெய் தோண்டப்போய் ரோடு போட்டுட்டு வந்துட்டாராமே?”

“ஆமா. நீங்கள்லாம் நடந்து வரட்டும்னுதான்” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள் மனைவி. அன்றிலிருந்து நாத்தனார் பெயரை அவள் எடுக்கவில்லை, எடுக்கவும் விடவில்லை.

அவரைக் கோர் கிடங்குக்கு மாற்றினார்கள். கிணறுகளிலிருந்து உருளை உருளையாக வெட்டியெடுத்த பாறைகளை மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய கொட்டகை. எந்தப் பெட்டி எங்கே என்று கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வேலை. கேட்க வருகிறவர்கள் அபூர்வம். பல்லிகள்தான் துணை. பல் கூச ஆரம்பித்துவிட்டதால் கல்லைக் கடிப்பதும் நின்றது.

தன் கிணற்றுத் துருவல் ஒரு பொட்டலம் அவரிடம் இருந்தது. சில மாதம் கழித்து, யாரும் இல்லாத ஒரு மதிய நேரத்தில், அதைப் புற ஊதா விளக்கின் கீழே கொட்டினார். ஒன்றும் ஒளிரவில்லை. சாதாரண மணற்கல், அங்கங்கே பழுப்புப் புள்ளி. விளக்கை அணைத்துப் போட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லை. அதுவரை ஊரே சேர்ந்து சிரித்தபோதும் அசையாத மனிதர் அந்த மதியம் ஆட்டம் கண்டார். நான்தான் ஆசையில் எதையோ பார்த்துவிட்டேனோ என்ற எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

தங்கையோடு அவர் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. சில வருஷம் கழித்து நடந்த தன் மகளின் கல்யாணத்துக்கு அவளுக்கும் அழைப்பிதழ் அனுப்பினார். தங்கை தன் கணவரோடு வந்தாள். மண்டப வாசலில் கைகூப்பி, “வாங்க. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார். குட்டி என்றும் நீ என்றும் கூப்பிட்டு வளர்த்த வாய். அவள் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சோற்றைக் கையால் அளைந்துகொண்டே இருந்ததைப் பரிமாறியவர்கள் பார்த்தார்கள். அன்று முதல் அவள் எப்போது வந்தாலும், தொலைபேசியில் பேசினாலும், நீங்கதான், வாங்கதான். அலுவலகத்துக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை. அதில் குறை சொல்லவும் முடியாது.

மனைவிக்கு நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு நாள், சக்களத்தி கதையெல்லாம் பேசிச் சிரித்துவிட்டு, சட்டென்று கேட்டாள்: “ஏங்க, என்கிட்டயாவது சொல்லுங்க. நிஜமாவே பார்த்தீங்களா, அந்த வெளிச்சத்தை?”

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தெரியல” என்றார்.

அவள் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவருக்காக அத்தனை பேரிடமும் வாய்கொடுத்து மல்லுக்கு நின்றவள், அவர் வாயாலேயே ‘தெரியல’ என்பதைக் கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் ஓய்வு பெற்றார். நிறுவனம் அந்தச் சமவெளியை விட்டுக்கொடுத்தது. வேறொரு நிறுவனம் எடுத்தது. அவர்கள் பழைய கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, அதே ஆழத்துக்குத் தோண்டினார்கள். செய்தித்தாளில் பெரிய படம் வந்தது: தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. எண்ணெய் கிடைத்துவிட்டது. அவர் தலைப்பை மட்டும் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பவும் இல்லை, அந்தப் பக்கத்தை மூடவும் இல்லை. மேஜைமேல் அது அப்படியே கிடந்தது.

சில வாரம் கழித்துத் தங்கை வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இப்போது ஆய்வகத்துக்கே அவள்தான் தலைவி.

“வாங்க. உட்காருங்க. மகள் ஊர்ல இல்ல. டீ மட்டும்தான் போடத் தெரியும்.”

“ஒண்ணும் வேண்டாம், அண்ணா. நான் சொல்லிடறேன். அந்தப் புது எண்ணெய் ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக எங்க லேப்புக்கு வந்துச்சு. தண்ணி மாதிரி இருக்கு. அவ்வளவு லேசு. நான் தேடுற எலும்புக்கூடு மூலக்கூறெல்லாம் அதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல.” அவள் மூச்சு வாங்கினாள். “அப்பதான் உறைச்சுது. அந்தக் காலத்துல நாங்க சாம்பிளைக் கரைப்பான்ல கரைச்சு, அப்புறம் வாயு ஊதி அந்தக் கரைப்பானை ஆவியாக்குவோம். மிஞ்சினதைத்தான் மெஷினுக்குக் குடுப்போம். கனமான எண்ணெய்க்கு அது சரி. உன்னோடது கரைப்பானோட சேர்ந்து பறந்துடுச்சு. மிஞ்சினது தூள் மட்டும். ஒரு அண்டா தண்ணியில ஒரு பிடி உப்பு போட்டுக் காய்ச்சிட்டு, உப்பு மட்டும்தான் இருந்துச்சுன்னு எழுதினேன், அண்ணா.”

பொட்டலத்துத் துருவலும் ஏன் இருட்டாகிப்போனது என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கியது. அதுவும் காற்றோடு போயிருந்தது. எத்தனை படித்தும் தனக்கே அது தோன்றவில்லையே என்று நினைத்தார்.

“ரெண்டாவது பாட்டில் குளிர் அறையில இருந்துச்சு” என்றாள் தங்கை. “திறக்கவே இல்லாம. போன வாரம் திறந்தேன். காத்துப் படாம சோதிச்சேன். புது எண்ணெயும் உன்னோடதும் ஒரே தாய்ப்பாறை. சந்தேகமே இல்ல.”

“இத்தனை வருஷமும் அங்கயேதான் இருந்துச்சா?”

“என் ரூமுக்குப் பக்கத்து ரூம்.”

கைப்பையிலிருந்து திருத்திய அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி பேனாவோடு படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி கிணற்றின் ஆழத்தில் ஓர் இலக்கத்தைத் திருத்தினார். முழுதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சரியா இருக்கு.”

“அவ்வளவுதானா? என்னைத் திட்டவாவது செய், அண்ணா.”

“எதுக்குத் திட்டணும்? மெஷின்ல தெரிஞ்சதைத்தான் எழுதினீங்க. எல்லாரும் செய்ற தப்புதான் அது. அதுக்கு எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்ன பின்ன தெரியாத ஒருத்தனா இருந்திருந்தா அந்த ஒரு வரி எனக்குக் கிடைச்சிருக்கும். கூடப் பொறந்ததால கிடைக்கல. சரி, தெரியாதவனாவே இருந்துடலாம்னு முடிவு பண்ணினேன். அவ்வளவுதான்.”

தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணி இருந்திருந்தா உன்னைப் பேசச் சொல்லியிருப்பாங்க” என்றாள்.

“அவ இருந்திருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டா.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார்.

“சாகறதுக்கு முன்னாடி கேட்டா, நிஜமாவே பார்த்தீங்களான்னு. நான் தெரியலன்னு சொன்னேன்.”

தங்கை அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு வந்தவரை வழியனுப்ப வேண்டும் அல்லவா. நிழல் இல்லாத நிறுத்தம். இரண்டு பேரும் ஒரு விளம்பரப் பலகையின் ஒல்லி நிழலில் ஒட்டாமல் நின்றார்கள்.

“அறிக்கையை ஹெட் ஆபீசுக்கு எப்ப அனுப்பப் போறீங்க?” என்று கேட்டார்.

அவள் கைப்பையின் பட்டையை முறுக்கினாள். “இப்ப அனுப்பினா விசாரணை வரும். இவ்வளவு எண்ணெய் இருந்த நிலத்தை எதுக்கு விட்டுக்கொடுத்தோம்னு எல்லாரையும் குடைவாங்க. இந்த வருஷக் கடைசியில எனக்கு ஓய்வு. அதுக்கப்புறம் நானே என் பேர்ல எழுதி அனுப்பிடறேன், அண்ணா. நிச்சயமா.”

“ஆய்வகத் தலைவி எழுதினா அது அறிக்கை. ஓய்வு பெற்ற அம்மா எழுதினா அது கடுதாசி.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “கடுதாசி எனக்கே எழுதத் தெரியும்.”

“அண்ணா...”

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கம்பி வழியாக ஏதோ சொன்னாள்; இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவரும் கேட்க முயலவில்லை.

“பெரியவரே, ஏறுறீங்களா?” என்றார் நடத்துநர் படியில் நின்றபடி.

“இல்லப்பா. அவங்க மட்டும்தான்.”